ராபின்சன், கேப்ரி, ஜெட்ரேஞ்சர்: வேலூர் வெயிலுக்கு எது தாங்கும்?

வேலூர்ப் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் தரையிறங்கினால் அனேகமாகத் தேர்தலாக இருக்கும், இல்லையென்றால் வசதியான வீட்டுக் கல்யாணம். அரக்கோணத்துக்காரர்களுக்கு மட்டும் இது அன்றாடக் காட்சி. அங்கே ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. வயல்களுக்கு மேலே சேத்தக் ஹெலிகாப்டர்கள் வட்டமடிப்பதை அங்கே யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

2021 டிசம்பரில் குன்னூர் விபத்து நடந்த பிறகு, "ஹெலிகாப்டர்னாலே ஆபத்துப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அங்கே விழுந்தது எம்.ஐ-17 என்ற பெரிய ராணுவ வண்டி. இங்கே நான் பேசுவது சின்ன ஹெலிகாப்டர்களைப் பற்றி. அவை எல்லாம் ஒரே காரணத்துக்காக விழுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பிறவிக்குணம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ராபின்சன் (இரண்டு பேருக்கான ஆர்22, நான்கு பேருக்கான ஆர்44), பிரான்சின் இரண்டு இருக்கை கேப்ரி ஜி2, பெல் கம்பெனியின் ஐந்து இருக்கை ஜெட்ரேஞ்சர் ஆகிய மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

முதலில் தலைக்கு மேலே சுற்றும் பிளேடு. ராபின்சனுக்கும் ஜெட்ரேஞ்சருக்கும் இரண்டு பிளேடு, கேப்ரிக்கு மூன்று. இரண்டு பிளேடு ரோட்டர், மாஸ்ட் என்கிற நடுத்தண்டின் உச்சியில் சீசா பலகை போல ஆடும். உடல் அதன் அடியில் தொங்குகிறது. அந்தத் தொங்கல் இருக்கும்வரை ரோட்டர் எந்தப் பக்கம் சாய்கிறதோ, உடலும் பின்னாலேயே சாயும். பைலட் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கையிலுள்ள, ரோட்டரைச் சாய்க்கும் சைக்ளிக் தண்டை முன்னால் தள்ளினால் ஒரு கணம் எடையே இல்லாத நிலை வரும், தொங்கல் போய்விடும். ஆனால் வண்டி தன்னைத்தானே சுற்றாமல் தடுக்கும் வால் ரோட்டர் தன் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்; வண்டி வலப்பக்கம் உருளும். புதிய பைலட்டின் கை தானாகவே சைக்ளிக்கை இடப்பக்கம் இழுக்கும். ரோட்டர் இடப்பக்கம் சாயும், உடல் கூட வராது. ரோட்டரின் மையப்பகுதி மாஸ்ட்டில் மோதும். மாஸ்ட்டே அறுந்துபோகலாம், அல்லது பிளேடு வாலையோ கேபினையோ வெட்டிவிடும். இதற்குப் பெயர் மாஸ்ட் பம்பிங். இது நடந்து உயிரோடு வந்து கதை சொன்னவர்கள் அபூர்வம்.

செய்ய வேண்டியது, முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்து ரோட்டருக்கு மறுபடி பாரம் கொடுப்பது. அதற்கப்புறம்தான் உருளலைச் சரிசெய்ய வேண்டும். ஆபத்து நேரத்தில் கை இந்த வரிசையைக் கேட்காது என்பதால்தான், ஆர்22, ஆர்44 ஓட்ட அமெரிக்க விமானத்துறை 1995இல் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்தின் விபத்து விசாரணை ஆணையம் 2016இல் ராபின்சன்களைக் கண்காணிப்புப் பட்டியலிலேயே சேர்த்தது. ஜெட்ரேஞ்சருக்கும் இதே ஆபத்து உண்டு; ஆனால் கனமான வண்டி என்பதால் அவ்வளவு சீக்கிரம் பைலட்டின் கைமீறிப் போவதில்லை. கேப்ரியின் மூன்று பிளேடு அமைப்பில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சுற்றில் கேப்ரிதான் ஜெயிக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

வாலுக்கு வந்தால் கதை மாறுகிறது. ராபின்சனின் வால் ரோட்டர் வெளியே தெரியும் சாதாரண வகை. பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேப்ரியில் வாலுக்குள் பொதிந்த விசிறி. ஆள் கையை விட்டு வெட்டுப்பட மாட்டான், மரக்கிளையும் லேசில் சிக்காது. ஆனால் அந்த விசிறிக்குப் பெடலை ஆழமாக மிதிக்க வேண்டும். போதாக்குறைக்கு கேப்ரியின் ரோட்டர், மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் சுற்றுகிறது. ராபின்சனில் இடது கால் செய்யும் வேலையை இங்கே வலது கால் செய்ய வேண்டும். பாதி மிதித்துவிட்டு "கேட்கவில்லையே" என்று தயங்கினால் வண்டி பம்பரம்தான். பயிற்சி மாணவர்கள் கேப்ரியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஜெட்ரேஞ்சருக்கோ, மெதுவாகப் பறக்கும்போது பக்கவாட்டிலும் பின்னாலும் காற்றடித்தால் வால் பிடிவிட்டுப் போகும் கெட்ட பெயர் பழசு. அதன் ராணுவ வடிவத்தில்தான் அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலை முதலில் ஆராய்ந்தார்கள்.

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. வண்டியை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் தண்டை உடனே கீழே இறக்கினால் கீழிருந்து வரும் காற்றே ரோட்டரைச் சுற்ற வைக்கும், பத்திரமாக இறங்கலாம். கேள்வி அந்த "உடனே" எவ்வளவு என்பதுதான். ஆர்22இன் பிளேடுகள் லேசானவை. ஒன்றிரண்டு நொடி தாமதித்தாலே சுழற்சி மீட்க முடியாத அளவுக்குச் சரிந்துவிடும். கேப்ரி அதைவிடப் பொறுமைசாலி. ஜெட்ரேஞ்சரின் கனத்த பிளேடுகள் தாராளமாகவே அவகாசம் கொடுக்கும்.

வேலூரில் ஐஸ் பிடித்து இன்ஜின் நிற்கும் என்றால் சிரிப்பீர்கள். இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பநிலை 20 டிகிரிக்கு மேலேகூட இறங்கும். ஐப்பசி கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில், வெளியே 22 டிகிரி இருக்கும்போதே உள்ளே பனிக்கட்டி கட்டலாம். ராபின்சனில் இன்னொரு வில்லங்கம்: ஐஸ் அடைத்துச் சக்தி குறையக் குறைய, சுழற்சி வேகத்தைக் காக்கும் கவர்னர் என்ற கருவி தானாகவே திராட்டிலை (ஆக்சிலரேட்டர் மாதிரி) திறந்துகொண்டே போகும். பைலட்டுக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது திறக்க மிச்சம் இருக்காது. கேப்ரியில் ஐஸ் பிடிக்காமல் சூடேற்றும் வேலையைக் கருவியே பார்த்துக்கொள்கிறது. ஆர்44 வகைகளில் கார்புரேட்டரே இல்லாத ரேவன் 2க்கும், டர்பைன் போட்ட ஜெட்ரேஞ்சருக்கும் இந்தக் கவலை இல்லை.

இனி நம் ஊர் வெயில். எனக்கு இதுதான் முக்கியம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 அடி. அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரி அடிக்கும் ஒரு பகலில் காற்று எவ்வளவு மெலிகிறது என்று கணக்குப் போட்டால், ஹெலிகாப்டருக்கு அது 4,000 அடிக்கு மேலே பறப்பதற்குச் சமம். ஏலகிரி மேலே சுமார் 3,600 அடி. அங்கே 34 டிகிரி என்றால் கணக்கு 6,500 அடியைத் தாண்டிவிடும். மெலிந்த காற்றில் இன்ஜினும் இளைக்கும், பிளேடும் குறைவாகத் தூக்கும், வால் ரோட்டரும் வலுவிழக்கும். மூன்றும் ஒரே நேரத்தில்.

சரி, எது தாங்கும்? ஆர்44 ரேவன் 2க்கு 1,134 கிலோ உச்ச எடை, 245 குதிரைச் சக்தி. கேப்ரிக்கு 700 கிலோ, 145. ஜெட்ரேஞ்சருக்கு 1,451 கிலோ, கியர்பாக்ஸ் தாங்கும் அளவு 317. வகுத்துப் பாருங்கள், மூன்றிலுமே ஒரு குதிரைச் சக்திக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பாரம்தான் வருகிறது. டர்பைன் என்றதும் ஏதோ மலையையே தூக்கும் என்று நினைக்க வேண்டாம். மூன்றிலும் இன்ஜினின் முழுச் சக்தியைப் பயன்படுத்தாமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், உதாரணமாக ஜெட்ரேஞ்சர் இன்ஜினின் உண்மையான திறன் 420. அந்த ஒதுக்கீடு வேலூர்த் தரையில் சமாளிக்கும். ஏலகிரியில் மத்தியான நேரத்தில், எல்லா இருக்கையிலும் ஆளை ஏற்றிக்கொண்டு, அந்தரத்தில் நின்று இறங்கப் பார்த்தால் கிட்டத்தட்டத் தீர்ந்துபோகும். அப்போது பைலட் இன்னும் கொஞ்சம் கலெக்டிவைத் தூக்குவார், சுழற்சி சரியும், இன்னும் தூக்குவார். எந்த இயந்திரமும் பழுதாகாமலே விபத்து நடப்பது இப்படித்தான்.

இங்கேதான் ஐந்து இருக்கை ஜெட்ரேஞ்சர் மோசம் செய்யும். இடம் இருக்கிறதே என்று மாப்பிள்ளையோடு மாமாவும் சித்தப்பாவும் பூக்கூடையும் ஏறிக்கொள்வார்கள். கேப்ரியில் இரண்டு பேருக்கு மேல் ஏறவே முடியாது. அந்தக் குறையே அதற்குக் காப்பு.

இறங்கும் இடத்தைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, டேங்கர் லாரியில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறைத்துச் செய்தால் புழுதி எழும்பிப் பைலட்டின் கண்ணை மறைக்கும். பாலாற்று மணலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதிகமாகச் செய்தால் களிமண்ணில் ஒரு பக்கத்துச் சறுக்குக்கால் புதையும். கிளம்பும்போது மற்றப் பக்கம் மட்டும் எழும்பினால் வண்டி அந்தக் காலையே அச்சாக வைத்துப் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். மின்கம்பி விஷயமும் அப்படியே. ஜெட்ரேஞ்சருக்குக் கம்பி வெட்டும் கத்தி பொருத்தலாம்; ஆனால் கம்பி நேர் முன்னால், நல்ல வேகத்தில் பட்டால்தான் அது வெட்டும். வானத்தின் பின்னணியில் கம்பி தெரியாது, கம்பத்தைத்தான் தேட வேண்டும்.

என் தேர்வைக் கேட்டால், ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிற பிள்ளைக்குக் கேப்ரி. மலைக்குப் போக ஜெட்ரேஞ்சர், ஆனால் காலை வேளையில், இரண்டு இருக்கை காலியாக. கல்யாணத்துக்கு வாடகைக்கு ஆர்44 வருகிறது என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆர்44களில் அலுமினியப் பெட்ரோல் டாங்கு. மெதுவாக மோதினாலே கிழிந்து தீப்பிடித்து, பிழைத்திருக்க வேண்டியவர்கள் கருகிய விபத்துகள் உண்டு. 2010 வாக்கில் உள்ளே ரப்பர் பை வைத்த டாங்குக்கு மாற்றச் சொன்னார்கள். வருகிற வண்டியில் மாற்றியாயிற்றா என்று பைலட்டிடமே கேட்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்பது நல்லது.