கல்லும் சரளையும் நிறைந்த நிலத்தில் சோலார் பண்ணை: கிரவுண்ட் ஸ்க்ரூ எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

சோலார் பண்ணைக்கான அடித்தளச் சாமான்களில் கிரவுண்ட் ஸ்க்ரூவைப் பற்றித்தான் மிகைப்பேச்சு அதிகம். எந்த மண்ணானாலும் திருகிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்பதுதான் விற்பவர்கள் சொல்வது. சரளை, உருண்டைக்கல் கலந்த மண், சிதைந்த பாறை, சரிவான நிலம் ஆகியவற்றில் அதில் பெருமளவு உண்மை உண்டு. கெட்டிப் பாறையிலும் வீங்கும் களிமண்ணிலும் அந்தப் பேச்சை நம்பி ஆர்டர் போட்டால் பணமும் நாளும் போகும்.

பொருள் எளிமையானது. சுமார் 76 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய், கூம்பிய முனை, சுற்றிலும் வெல்டு வைத்த மரை, மேலே ஃபிளேஞ்சு (போல்ட்டுத் துளைகள் உள்ள தட்டையான தட்டு) அல்லது போல்ட்டு வைத்து இறுக்கும் வாய், எல்லாம் சேர்த்துச் சூட்டு ஜிங்க் பூச்சு. நீளம் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் வரை. பெரிய வயலுக்கு ஃபிளேஞ்சு வகையைவிட, பேனல் சட்டத்தின் கால் உள்ளே ஏறி இறங்கும் வாய் வகையே மேல். உயர வித்தியாசத்தைக் காலிலேயே சரிக்கட்டிவிடலாம்.

இதன் போட்டியாளர், அடித்து இறக்கும் சி வடிவ இரும்புக் கால். மென்மண்ணில் அதை வெல்ல ஆளில்லை. வேகமும் அதிகம், செலவும் குறைவு. கல் குறுக்கிட்டால்தான் அது சிரமப்படும். தலை சப்பும், உடல் முறுக்கும், அடிமுனை கல்லில் வழுக்கித் திசை மாறும். அதற்காகத் துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றலாம் என்றால், கான்கிரீட்டின் வடிவமைப்பு வலிமை 28 நாள் கணக்கு. அதற்கு முன்பே பாரமேற்றலாம்தான். ஆனால் தண்ணீரும் கலவை வண்டியும் ஒவ்வொரு குழிக்கும் மேட்டில் ஏறியாக வேண்டும். ஸ்க்ரூவை இறக்கிய அன்றே மேலே கட்டுமானம் தொடங்கலாம்.

எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தால் விஷயத்தின் கனம் தெரியும். 550 வாட் பேனல் என்று கொண்டால் 1 மெகாவாட்டுக்கு சுமார் 1,818 பேனல். டேபிளுக்கு (பேனல்களைத் தாங்கும் ஒரு சட்டம்) 28 பேனல் என்றால் 65 டேபிள். டேபிளுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து ஜோடிக் கால் வைத்தால் 650 ஸ்க்ரூ. ஸ்க்ரூவை இறக்குமுன் போடும் ஒரு துளைக்கு 5 நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் மெகாவாட்டுக்கு 54 மணி நேரம்; 50 மெகாவாட்டுக்கு 2,700 மணி நேரம். திட்டத்தின் கால அட்டவணையைத் தீர்மானிப்பது ஸ்க்ரூவின் தரத்தைவிடத் துளையிடும் வேகம்தான். விலைப் பேச்சில் பலரும் கோட்டைவிடும் இடமும் இதுவே.

கல் நிலத்தில் முன்துளை இல்லாமல் ஸ்க்ரூ இறங்காது. துளையின் விட்டத்தைக் கையேட்டைப் பார்த்து முடிவுசெய்யாமல், மண் மாறும் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று பிட் அளவுகளை வைத்துச் சோதித்து முடிவுசெய்ய வேண்டும். பொதுவாகத் தண்டின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைவான துளைதான் சரளையில் சரிப்படும். துளை பெருத்தால் மரை பிடிக்க மண் இருக்காது. கையால் ஆட்டினாலே ஆடும். சிறுத்தால் டார்க் (திருகத் தேவைப்படும் முறுக்கு விசை) எகிறி, தண்டு முறுக்கும், அல்லது மரையின் வெல்டு பிளக்கும். இதில் ஏமாற்றும் காரணம் ஒன்று உண்டு. குவார்ட்ஸ் நிறைந்த சரளையில் பிட்டின் ஓரப் பற்கள் தேய்ந்து, துளை தானாகவே சிறுத்துக்கொண்டே வரும். காலையில் சுலபமாக இறங்கிய ஸ்க்ரூ மாலையில் முறுக்கினால் ஸ்க்ரூவைக் குறை சொல்லாமல் பிட்டைக் காலிப்பரில் அளந்து பார்க்கவும். துளையை ஸ்க்ரூ இறங்கும் ஆழத்துக்கும் கொஞ்சம் கூடவே போட்டு, தூளை ஊதி வெளியேற்றாவிட்டால் முனை தூளின் மேல் உட்கார்ந்து நின்றுவிடும்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது, ஒரு சுற்றுக்கு ஒரு மரை இடைவெளி அளவு ஸ்க்ரூ கீழே போகிறதா என்பது. இயந்திரம் மேலிருந்து அழுத்தம் கொடுக்காமல் சுழற்றினால் ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே சுற்றி, சுற்றியுள்ள மண்ணைக் கடைந்துவிடும். பார்வைக்கு நேராக நிற்கும், பிடிப்பு இருக்காது. அப்படிச் சுற்றியதை அதே துளையில் மறுபடி இறுக்கிப் பயனில்லை. கழற்றிவிட்டு நீளமானதோ பருமனானதோ போட வேண்டும், இல்லையென்றால் வடிவமைப்பாளர் ஒப்புதலோடு இடத்தை நகர்த்த வேண்டும்.

டார்க் பதிவை வைத்தே தாங்குதிறனைச் சொல்லிவிடலாம் என்பது இந்தப் பொருளைப் பற்றிய மிகத் தவறான நம்பிக்கை. அகலத் தகடு வைத்த ஹெலிக்கல் பைலுக்கு அப்படி ஒரு தொடர்பு உண்டு: டார்க்கை ஒரு கெழுவால் பெருக்கினால் இறுதித் தாங்குதிறன் வரும். 38 மி.மீ. சதுரத் தண்டுக்கு அந்தக் கெழு மீட்டருக்கு சுமார் 33, 89 மி.மீ. உருண்டைத் தண்டுக்கு சுமார் 23. முன்துளையிட்ட நுண்மரை ஸ்க்ரூவுக்கு இதைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. ஒரே ஒரு கல் பக்கவாட்டில் உரசினாலே டார்க் ஏறும். அந்தக் கல்லுக்குக் காற்றின் மேலிழுப்பைத் தாங்கும் சக்தி இருக்க வேண்டிய அவசியமில்லை. டார்க் பதிவு சந்தேகமான ஸ்க்ரூக்களைப் பொறுக்கியெடுக்க உதவும், அவ்வளவுதான்.

எனவே இழுத்துப் பார்ப்பதே வழி. மேலிழுப்புக்கு ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி3689, பக்கவாட்டுக்கு டி3966 என்ற நடைமுறைகள் இருக்கின்றன. சுமையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அசைவைக் குறிக்க வேண்டும். சோதனைச் சட்டத்தின் கால்கள் ஸ்க்ரூவை ஒட்டி ஊன்றப்பட்டால் அந்த மண்ணையே அவை அழுத்திப் பிடித்து, வராத வலிமையை வந்ததாகக் காட்டும். அசைவை அளக்கும் டயல் கேஜைத் தாங்கும் கம்பியும் தள்ளியே நிற்க வேண்டும். மழைக்குப் பின் மண் நனைந்திருக்கும்போதும் ஒருமுறை சோதிப்பது அவசியம். காய்ந்த களிமண் கலந்த சரளை, கல்யாண வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி சிரித்துக்கொண்டே நிற்கும்; நனைந்தால்தான் சுயரூபம் தெரியும். வேலை நடக்கும்போது நூற்றுக்கு ஒன்றையாவது தொடர்ந்து இழுத்துப் பார்ப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடவும்.

எவ்வளவு இழுக்க வேண்டும்? மேலே சொன்ன 28 பேனல் டேபிளின் பரப்பு சுமார் 72 சதுர மீட்டர். காற்றின் நிகர உறிஞ்சு சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன் என்றால் மொத்தம் 72 கிலோநியூட்டன். பேனல், இரும்பு எல்லாவற்றின் எடை சுமார் 11 கழிய 61 மிஞ்சும். பத்து ஸ்க்ரூவுக்குச் சராசரி 6.1 கிலோநியூட்டன். பாதுகாப்புக் காரணி இதில் சேரவில்லை. சாய்வினால் முன்கால், பின்கால் இரண்டுக்கும் சமமாகவும் பிரியாது. வயலின் ஓர வரிசைகளில் காற்று இன்னும் கடுமை. ஒரே நீளத்தை வயல் முழுக்கப் போடுவது ஓரத்துக்குப் போதாமலும் நடுவுக்கு அதிகமாகவும் போய் முடியும். இரண்டு நீளமாவது வாங்க வேண்டும்.

சரிவில் இந்தப் பொருளின் அருமை தெரியும். காலை ஏற்றி இறக்கியே மேடுபள்ளத்தைச் சமாளிப்பதால் நிலத்தைச் சீவிச் சமப்படுத்தும் வேலை வெகுவாகக் குறையும். மேல்மண்ணும் புல்லும் தப்பும். முதல் பெருமழையில் வரிசைகளுக்கு நடுவே ஓடை வெட்டுவது குறையும். ஆனால் பள்ளத்தில் தரைக்கு மேல் கால் நீளமாகும். அதே பக்கவாட்டு விசை அங்கே தரைமட்டத்தில் அதிக வளைவை உண்டாக்கும். கால் உயரத்துக்கு மேல்வரம்பு ஒன்றை வரைபடத்தில் எழுதி, அதைத் தாண்டும் இடத்துக்குத் தனியாகக் குறுக்குச் சட்டமோ பருமனான ஸ்க்ரூவோ குறிக்க வேண்டும்.

இனி குறைகள். கெட்டிப் பாறையில் மரை வெட்டாது. உரசி உரசி மரையும் ஜிங்க்கும் கழன்றுவிடும். அங்கே பெரிய துளையிட்டு வழுவழுப்பான காலை இறக்கிச் சிமெண்ட் குழம்பு ஊற்றுவதே சரி. கரிசல் மாதிரி வீங்கும் மண்ணிலும், தரை உறையும் குளிர்நிலத்திலும் மேலடுக்கு ஸ்க்ரூவைப் பற்றிக்கொண்டு மேலே தூக்கும். பக்கத்துப் பக்கத்துக் கால்கள் ஒரே அளவில் எழும்பாது; சட்டம் முறுக்கிப் பேனலின் கண்ணாடி விரியும். அந்த அடுக்கைத் தாண்டி இறங்கும் நீளமும், கீழ்ப்பாதியில் மட்டும் மரையும் உள்ளதைக் கேட்டு வாங்கவும். குப்பைமேட்டு மூடாக்கின் மேல் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூடாக்கைத் துளைக்கக்கூடாது, பாரக்கட்டைதான் வழி.

துரு இன்னொரு தலைவலி. ஐஎஸ்ஓ 1461 தரத்தின்படி 3 மி.மீ.க்கு மேல் 6 மி.மீ. வரையான இரும்புக்குச் சராசரி ஜிங்க் பூச்சு குறைந்தது 70 மைக்ரான். வந்திறங்கும் லோடில் சில ஸ்க்ரூக்களின் மரை ஓரம், முனை, வாயின் உட்புறம் மூன்றிலும் அளந்து பார்க்கவும். கூர்சரளை அதைச் சுரண்டத்தான் செய்யும். ஆகவே மண்ணின் மின்தடைமை 10 ஓம்-மீட்டருக்குக் கீழே இருந்தாலோ குளோரைடு மிகுந்திருந்தாலோ பூச்சை மட்டும் நம்பாமல், அரிமானத்துக்கு விட்டுக்கொடுக்க இரும்பின் கனத்தைக் கூட்ட வேண்டும். எர்த்திங்குக்குச் செம்புப் பட்டையைப் புதைத்து இதோடு இணைத்தால் ஜிங்க் செம்புக்காகக் கரைந்துபோகும். ஜிங்க் பூசிய இரும்புப் பட்டையே பொருத்தம்.

வாங்கும்போது, துளையிடும் வேலைக்கு ஸ்க்ரூ எண்ணிக்கையில் விலை பேசாமல், மண் வகை பிரித்து மீட்டர் கணக்கில் பேசவும். எண்ணிக்கையில் பேசினால் கடினமான இடத்தில் துளை ஆழம் குறையும், துருத்தி நிற்கும் தலையை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். வெட்டிய தலையில் ஜிங்க்கும் இல்லை, இறுக்க வாயும் இல்லை. வரைபடத்திலுள்ள ஆழம் வராத ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எண்ணோடு குறித்து, இழுத்துப் பார்த்த பிறகே பில்லில் கையெழுத்துப் போடவும்.