அப்பா அம்மாவைப் பார்க்கப் பினாங்கு போகிறவர்களுக்கு: கிளினிக்கும் வார்டும்

பினாங்கில் தனியார் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் பார்ப்பதும் மருந்து தருவதும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். லண்டனில் இருந்து வருபவர்களுக்கு இந்த வேகம் பெரிய நிம்மதி. ஆனால் கவுண்டரில் தரும் பிளாஸ்டிக் உறைகளை அங்கேயே நின்று படித்துவிடுங்கள். ‘ஆக்மென்டின் 625’ என்றிருந்தால் அது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்; அதில் அமோக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளவுலானிக் அமிலம் 125. அமோக்சிசிலினைச் சிதைக்கக் கிருமி சுரக்கும் நொதியை மடக்கத்தான் அந்த 125. சில கிருமிகள் சுரக்கும் என்.டி.எம். என்ற நொதியோ இதற்கு மசியாது. பெரிய ஆஸ்பத்திரிகள் கடைசியாக எடுக்கும் மெரோபெனெம் என்ற ஆன்டிபயாடிக்கையே சிதைத்துவிடும். வெறும் சளி என்றால் அது வைரஸ் வேலை, இது அதற்குப் பலிக்காது. இந்த மாத்திரை எதற்கு என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

சிறுநீர்த் தொற்று என்று சந்தேகப்பட்டால் முதல் வேளை மருந்துக்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேப்புக்குப் போகாது என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் கிடந்தால், தோலிலிருந்து கலந்த நாலு கிருமியும் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். முடிவு வர 2, 3 நாள் ஆகும். அதில் ‘ஆர்’ என்று குறித்த மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது. தாளைப் படமெடுத்து வையுங்கள்.

வார்டில் யாரும் கவனிக்காதது கை கழுவும் தொட்டி. மிச்ச மைலோவும் கஞ்சியும் அதற்குள்தான் போகின்றன. அடியில் வளைந்த குழாயில் எப்போதும் நீர் தேங்கி நிற்கும். அங்கே கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்கின்றன. பாலும் சர்க்கரையும் அவற்றுக்குத் தீனி. சோதனைக்கூடத்தில் தீனி போட்டுப் பார்த்தபோது அந்தப் படலம் நாளுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மேலேறி, ஒரு வாரத்தில் சல்லடையைத் தொட்டுவிட்டது. அதற்குப்பின் குழாயைத் திறந்தாலே தெறிக்கும். பக்கத்தில் வைத்த ஃபிளாஸ்க்கிலும் துண்டிலும் படியும். மிச்சத்தைக் கழிவறையில் ஊற்றுங்கள். தொட்டி ஓரத்தில் ஒரு பொருளும் வேண்டாம்.

சிறுநீர் டியூப் போட்டிருந்தால் “மிஸ்ஸி, இது இன்னும் வேணுமா?” என்று நர்ஸிடம் தினமும் கேளுங்கள் (அங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள்). கிருமி ஏறும் ஏணி அது. ஒரு நாள் முன்னதாக எடுத்தாலும் லாபம்தான். படுக்கையைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் ஆல்கஹால் திரவத்தை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். மீந்த மாத்திரைகளை அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்கலாம்.

பினாங்கில் வார்டில் தங்கியவர் 12 மாதத்துக்குள் பிரிட்டனில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். மருந்துக்கு மசியாத கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மலக்குடலில் பஞ்சுக்குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுப்பார்கள். முடிவு வரும்வரை தனி அறையில் வைப்பார்கள்.