சாந்தோம் பேராலயம்: பழைய மயிலை மறைமாவட்டத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

சென்னை சாந்தோமுக்கு வருகிற பெரும்பாலோர் இயேசுவின் சீடரான புனித தோமாவின் கல்லறையில் செபித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஜெபிக்க இதைவிட நல்ல இடம் சென்னையில் குறைவு. ஆனால் 1606 முதல் 1952 வரை இது ஒரு தனி மறைமாவட்டத்தின், அதாவது ஓர் ஆயரின் (பிஷப்) ஆட்சிப் பகுதியின், தலைமைக் கோயில். அந்த வரலாற்றுக்காக வருகிறவர் கொஞ்சம் தயாரித்துக்கொண்டு வர வேண்டும்.

முதலில் வழி. கல்லறைக்குப் போகும் படியைக் கோயிலுக்குள் தேடி அலைகிறவர்கள் நிறைய. நிலவறைச் சிற்றாலயத்துக்குக் கோயிலின் பின்புறமாகத் தனி வாசல் உண்டு, அருங்காட்சியகமும் அங்கேதான். இதனால் திருப்பலி நடக்கும்போதும் யாருக்கும் இடையூறு இல்லாமல் கீழே போய்வரலாம். மிக நல்ல ஏற்பாடு. ஞாயிறு காலையைத் தவிர்த்து, வார நாளில் முற்பகலில் போனால் நிதானமாகப் பார்க்கலாம்.

வெளியே நின்று கோபுரங்களைப் பாருங்கள். முகப்பில் உள்ள பெரியது சுமார் 155 அடி. கூரை நடுவில் எழும் சிறிய கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. இந்தக் கட்டடத்தை 1523-இல் போர்ச்சுக்கீசியர் கட்டியது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. அந்தப் பழைய கோயிலை இடித்துவிட்டு 1893-இல் தொடங்கி 1896-இல் முடித்த நவகோதிக் கட்டடம் இது. கட்டியெழுப்பியவர் மயிலை ஆயர் ஹென்றிக் ரீட் ட சில்வா. உள்ளே மயிலை மாதா சுரூபத்தைத் தவறவிடாதீர்கள். 1545-இல் சில மாதம் மயிலையில் தங்கியிருந்த புனித சவேரியார் இதன் முன் செபித்தார் என்பது மரபு.

இனி மறைமாவட்டம். கொச்சியிலிருந்து பிரித்துத் திருத்தந்தை ஐந்தாம் பவுல் இதை 1606 ஜனவரி 9 அன்று நிறுவினார். சோழமண்டலக் கரை மட்டுமல்ல, வங்காளமும் பர்மாவின் பெகுவும் இதன் எல்லைக்குள் இருந்தன. ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுக்கல் அரசருக்கு, அதுதான் பதுரவாதோ. சிக்கலின் வேரும் அதுவே. 1662-இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், 1749-இல் ஆங்கிலேயர்கள். ஊர் போர்ச்சுக்கல் கையை விட்டுப் போன பின்னும் உரிமை லிஸ்பனிலேயே இருந்தது. உரோமை, அதாவது திருத்தந்தையின் நிர்வாகம், தன் நேரடிப் பொறுப்பில் சென்னையில் 1642-இல் கப்புச்சின் துறவிகளின் மறைப்பணியையும், 1832-இல் அப்போஸ்தலிக்க விகாரியத்தையும் (திருத்தந்தையின் பிரதிநிதி நடத்தும் ஆட்சிப் பகுதி) ஏற்படுத்தியது. இப்படி ஒரே நகரில் இரண்டு ஆட்சி. உரோமையும் போர்ச்சுக்கலும் செய்த 1886 உடன்படிக்கைக்குப் பிறகும் மயிலைக்கு ஆயர், சென்னைக்குப் பேராயர் என்றே இருந்தது.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இடறுவது இங்கேதான். 1952-க்கு முந்தைய திருமுழுக்குப் பதிவு வேண்டுமென்றால் தெருப்பெயர் மட்டும் போதாது. அந்தப் பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) அன்று மயிலையைச் சேர்ந்ததா, சென்னைப் பேராயத்தைச் சேர்ந்ததா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கோயில்களே வேறு வேறு ஆயரின் கீழ் இருந்திருக்கலாம். வேளாங்கண்ணி அன்று மயிலையைச் சேர்ந்தது, இன்று தஞ்சாவூர். பதிவுகளில் லத்தீனும் போர்ச்சுக்கீசியமும் வரலாம், அதனால் பெயரைப் பல வடிவங்களில் தேடுங்கள்: சூசை என்பவர் ஜோசே என்றும், அருளப்பன் ஜுவாவ் என்றும் இருக்கக்கூடும்.

1950 ஜூலையில் போர்ச்சுக்கல் முன்மொழியும் உரிமையை விட்டுக்கொடுத்தது. 1952 நவம்பர் 13 அன்று மயிலையும் சென்னையும் இணைந்து சென்னை–மயிலை உயர் மறைமாவட்டம் ஆனது. அதே நாளில் தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது. லூயிஸ் மத்தியாஸ் முதல் பேராயர். 1956-இல் சாந்தோம் பசிலிக்கா (திருத்தந்தை வழங்கும் சிறப்புத் தகுதி) ஆனது.

சாந்தோமோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். அன்றே ஜார்ஜ் டவுன் அர்மேனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்துக்கும் போய்விடுங்கள். மற்றைய ஆட்சியின் தலைமைக் கோயில் அது.