ஒரே வசனம், இரண்டு பிரசங்கம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எல்லார் கையிலும், புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இருக்கும். எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் பழைய அட்டைகள் மூன்று ஒட்டியிருக்கின்றன. அதில் இரண்டு எரேமியா 29:11. “உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

இந்த வசனத்துக்கு நான் இரண்டு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒன்று, பந்தல் போட்ட மைதானத்தில். இந்த வருஷம் உன் கடன் தீரும், தடைபட்ட கல்யாணம் நடக்கும், விசா கைக்கு வரும், விசுவாசிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பிரசங்கியார். நானும் உயர்த்தினேன். மற்றது எங்கள் சபையில், நாற்பது பேர்கூட இல்லாத ஒரு மாலை ஆராதனையில். அங்கே பிரசங்கித்தவர் 11-ஆம் வசனத்தைத் தொடுவதற்கு முன்னால் அதிகாரத்தின் முதல் வரியிலிருந்து வாசித்தார். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறது. 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்று கணக்குச் சொல்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே பாபிலோனில் அடக்கம் ஆகியிருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்”.

முந்தின அதிகாரத்தையும் அவர் விடவில்லை. அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி, தேவாலயத்தில், எல்லா ஜனங்களுக்கும் முன்பாகப் பேசுகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். எரேமியா முதலில் சொன்ன பதில் “ஆமென்”. அவனுக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனாலும் கர்த்தர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்ல அவனால் முடியவில்லை. பாபிலோனுக்கு அடங்கியிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தான். அன்றைக்கு நாமும் அங்கே நின்றிருந்தால் யாருக்குக் கை தட்டியிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அனனியா பேசியதும் கர்த்தருடைய நாமத்தில்தான். ஐந்தாம் மாதத்தில் அப்படிப் பேசியவன் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்.

கள்ளப்போதகம் வேறு தெய்வத்தின் பேரில் வந்தால் எவரும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு பிரசங்கத்திலும் இயேசு உண்டு, சிலுவை உண்டு, இரத்தம் உண்டு, அல்லேலூயா உண்டு. சொன்னதை மட்டும் வைத்துப் பிரித்துப் பார்ப்பது கடினம். எதை வாசிக்காமல் விட்டார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். நான் இங்கே ஒப்பிடுவது, விசுவாசித்தால் பணமும் சுகமும் நிச்சயம் என்கிற செழிப்பின் உபதேசத்தையும், கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்து உயிர்த்தார் என்ற பழைய சுவிசேஷத்தையும்.

செழிப்பின் உபதேசம் அமெரிக்காவில் உருவானது. இ. டபிள்யூ. கென்யன் என்ற பிரசங்கியார் எழுதியவற்றிலிருந்து கென்னத் ஹேகின் என்ற பிரசங்கியார் எடுத்து வளர்த்தார். வாயால் அறிக்கையிட்டதைப் பெற்றுக்கொள்வாய் என்ற பேச்சு அந்த வழியில் வந்தது. ஓரல் ராபர்ட்ஸ் என்ற இன்னொரு பிரசங்கியார் 3 யோவான் 2-ஆம் வசனத்தைப் பிடித்துக்கொண்டார்: “பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்.” எந்த விசுவாசியும் சுகமாயும் செழிப்பாயும் இருப்பதே தேவசித்தம் என்பதற்கு இந்த வசனம் ஆதாரமாயிற்று. ஆனால் இது யோவான் காயு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கம். அந்தக் காலத்துக் கடிதங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கும். நம் தாத்தாக்கள் இன்லண்ட் லெட்டரில் “நலம், நலமறிய ஆவல்” என்று எழுதினார்களே, அதுபோல. அன்போடு கேட்ட சுகவிசாரிப்பை எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்குமான உடன்படிக்கையாக மாற்றினால், காய்ச்சலில் படுத்திருக்கிற விசுவாசி குற்றவாளி ஆகிவிடுகிறான்.

சிலுவையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். “அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்” என்ற ஏசாயா 53:5-ஐச் செழிப்புப் பிரசங்கியார் சர்க்கரை நோய்க்கும் மூட்டுவலிக்கும் நேராகப் பொருத்துவார். பேதுரு அதே வார்த்தையை 1 பேதுரு 2:24-இல் எடுத்து, “நாம் பாவங்களுக்குச் செத்து, நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு” என்கிறார். அதை எழுதினதும் எஜமானிடம் அநியாயமாக அடிபடுகிற வேலைக்காரர்களுக்கு. பழைய சுவிசேஷத்தின் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒன்றை மறைக்கவும் கூடாது: மத்தேயு 8:17 அதே ஏசாயா அதிகாரத்தை இயேசு நோயாளிகளைக் குணமாக்கியதோடு சேர்த்துப் பேசுகிறது. சரீரத்தின் மீட்பும் சிலுவையிலிருந்து வருவதுதான். அது முழுசாக வரும் நாள் உயிர்த்தெழுதலின் நாள். அதற்கு முன்னால் கர்த்தர் குணமாக்கினால் அது கிருபை, நாம் தவணை கேட்டு வாங்குகிற கடன் அல்ல. பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). பவுல் அணைத்துக்கொண்டபோது செத்த வாலிபன் ஐத்திகு உயிர்பெற்றிருக்கிறான், துரோப்பீமு குணமாகவில்லை. துரோப்பீமுவைப் பற்றிய இந்த வசனத்தை எந்தச் சுகமளிக்கும் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை.

பணவிஷயத்தில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். விதை போடுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள் என்று ஒரு குரல். மாற்கு 10:30-இல் நூறத்தனை இருக்கிறது, உண்மைதான். அதோடு “துன்பங்களோடேகூட” என்ற வார்த்தையும் இருக்கிறது. இந்த நூறு மடங்குக் கணக்கைப் போட்டுக் காணிக்கை கேட்பது தவறு என்று 2000-ஆம் ஆண்டில் ஹேகினே ஒரு புத்தகத்தில் எழுதினார். அந்த எச்சரிப்பு நம் மேடைகளுக்கு வந்துசேரவில்லை. விதை, அறுப்பு என்ற பேச்சுக்கு எடுக்கிற 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரமோ எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பற்றியது. பணம் பவுலின் பைக்குப் போகவில்லை. “ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு” என்று சபைகள் தெரிந்தெடுத்த சகோதரர்களையும் கூட அனுப்புகிறார். உங்கள் ஊழியத்தில் வரவு செலவை யார் பார்க்கிறார்கள் என்று நாம் கேட்பது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி கேட்டால்தான் பலருக்குக் கோபம் வருகிறது. “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்று சங்கீதம் 105-ஐக் காட்டுவார்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் பரதேசிகளாய்த் திரிந்தபோது, அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்ட இடம் அது. பிரசங்கத்தைச் சோதிக்கக் கூடாது என்று அங்கே சொல்லவில்லை. பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தையே தினந்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பேர் வாங்கினார்கள். கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் தன்னையும் விட்டுவைக்கவில்லை: “நாங்களாவது, வானத்திலிருந்து வருகிற ஒரு தூதனாவது” வேறொரு சுவிசேஷம் பிரசங்கித்தால் சபிக்கப்பட்டவன் என்கிறார்.

இதைப் பெந்தெகொஸ்தே சபைகளுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்னது யாக்கோபு. பல நாட்டுச் சுவிசேஷகச் சபைத் தலைவர்கள் 2010-இல் கேப் டவுனில் கூடிய லோசான் மாநாடும் தேவன் அற்புதம் செய்கிறவர் என்பதை அறிக்கையிட்டுத்தான் செழிப்பு உபதேசத்தை மறுத்தது. உபதேசம் சரியாயிருந்தும் அன்பு இல்லாத பிரசங்கங்களுக்கும் நான் உட்கார்ந்திருக்கிறேன். சபைத் தேர்தலும் சொத்து வழக்குமாகக் கிடந்து, நோயாளி வீட்டுப் படியை மிதிக்காத சபைகள்தான் ஜனங்களைப் பந்தலுக்கு அனுப்பிவைக்கின்றன. சோர்ந்துபோனவர்கள் ஆறுதல் கிடைக்கிற பக்கம் போகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கை உயர்த்தினவன்தான்.

என் அத்தைக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் வெளியூர் ஊழியக்காரர். சத்தமாக, கண்ணீரோடு ஜெபித்தார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். போகும்போது, “வியாதின்னு இனிமே வாயால சொல்லாதீங்கம்மா, சொகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணிக்கிட்டே இருங்க, சந்தேகப்பட்டா வந்த சொகம் போயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அத்தை வலி என்று சொல்வதை விட்டுவிட்டாள். தலையணை உறை மாற்றும்போது மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன், பிரிக்காமலே இருந்தன. சாப்பிட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று பயம். ராத்திரியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முனகுவாள். ஒருநாள் என்னிடம், “எனக்குத்தான் விசுவாசம் பத்தல போல” என்றாள். கட்டி வளர்ந்தது போதாதென்று அதுவும் சேர்ந்துகொண்டது.

மூன்று வாரம் கழித்து எங்கள் ஐயர் வந்தார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயரென்றுதான் சொல்வோம். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, “ரொம்ப வலிக்கா?” என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அழுதுவிட்டாள். “வலிக்கி ஐயா” என்றாள். அத்தனை நாளில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

அவர் 2 கொரிந்தியர் 12 வாசித்தார். தன் மாம்சத்திலிருந்த முள்ளை எடுத்துப்போடும்படி பவுல் மூன்றுதரம் கேட்டார், முள் போகவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. “பவுலுக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லுவமாம்மா?” என்றார். சொகம் தாரும் என்று கர்த்தரிடம் கேட்டார், எங்களையும் கேட்கச் சொன்னார். ஆனால் பாவம் மன்னிக்கப்பட்டது கேட்டுக் காத்திருக்கிற காரியம் இல்லை, அது சிலுவையில் முடிந்துபோனது, இன்றைக்குச் செத்தாலும் நீங்கள் அவருடையவள் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு தலையணைப் பக்கம் பார்த்து, “மாத்திரை போட்டாச்சா?” என்றார்.

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அத்தை எழுந்து உட்கார்ந்து அட்டையைப் பிரித்தாள்.