பனியில்லாப் பருவத்தில் ஆஃப்ரிஸ்கி: டர்பன் குடும்பங்களுக்காக ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ நாட்டின் மலூட்டி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆஃப்ரிஸ்கியை, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வாழும் நம் தமிழர்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனிச்சறுக்கு விளையாடப் போகும் இடமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பனியைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் ஜூலை விடுமுறையில் கிளம்பிச் சென்று, கூட்டத்திலும் கடுங்குளிரிலும் அவதிப்பட்டுத் திரும்பியவர்கள் நம்மிடையே பலர் உண்டு. முதியோரும் சிறுவர்களும் கலந்த குடும்பத்துக்கு அந்த மலைக்குச் செல்ல ஏற்ற காலம் குளிர்காலம் அன்று, டிசம்பர் முதல் மார்ச் வரையிலான கோடைகாலமே என்பது, இரண்டு பருவங்களிலும் அங்கே தங்கிப் பார்த்த பின் எனக்கு ஏற்பட்ட உறுதியான கருத்து. பனி இல்லாதபோது பனிச்சறுக்கு விடுதியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் வரை சென்று, அங்கிருந்து கோல்டன் கேட் தேசியப் பூங்காவின் ஊடாகக் கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் ஊர்களைக் கடந்தால், கலெடன்ஸ்போர்ட் எல்லைச் சாவடி வரும். எல்லைக்கு அப்பால் பூத்தா-பூத்தே நகரைத் தாண்டியதும் மொட்டெங் கணவாய் தொடங்குகிறது. சாலை முழுவதும் தார் போடப்பட்டதுதான் என்றாலும், ஏற்றமும் வளைவுகளும் ஓட்டுநரின் பொறுமையைச் சோதிப்பவை. லெட்செங் வைரச் சுரங்கத்துக்குச் செல்லும் கனரக வண்டிகளும் இதே சாலையைத்தான் பயன்படுத்துகின்றன. குளிர்காலத்தில் அந்த வளைவுகளின் நிழல் பகுதிகளில் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். சக்கரங்களுக்குச் சங்கிலி கட்ட வேண்டிய நாள்களும் வரும். கோடையில் அந்த அச்சம் இல்லை, சாதாரணக் காரே போதும். ஆனால் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் இந்த உயரத்தில் தன் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். ஆள்களும் மூட்டைகளும் நிறைந்த சிறிய காரில் செல்பவர்கள் இதை எதிர்பார்த்துத் தாழ்ந்த கியரில் நிதானமாக ஏற வேண்டும்.

வாடகைக் காரில் செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லையைக் கடக்க, வண்டி கொடுத்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் கட்டாயம் தேவை. நாங்கள் பல நாள்களுக்கு முன்பே கேட்டிருந்தும், டர்பனில் எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனம் கடிதத்தில் வேறொரு வண்டியின் பதிவு எண்ணை அச்சிட்டுக் கொடுத்திருந்தது. சாவடியில் அதிகாரி அதைச் சுட்டிக்காட்டிய பிறகு, சரியான கடிதம் மின்னஞ்சலில் வந்து சேரும் வரை வெயிலில் காத்திருக்க நேர்ந்தது. சாவியை வாங்கும்போதே கடிதத்திலுள்ள பதிவு எண்ணையும் கடவுச்சீட்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

கோடையில் பயணிகளை மலைக்கு அழைக்கும் போக்கு ஆஃப்ரிஸ்கிக்கு மட்டும் உரியதன்று. கனடாவின் விஸ்லரில் இப்போது குளிர்காலத்தைவிடக் கோடையில்தான் அதிகமானோர் வருகிறார்கள். 1999-இல் அங்கே தொடங்கப்பட்ட மலைச் சைக்கிள் பூங்கா அதற்கு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசுக் காட்டு நிலங்களில் இயங்கும் பனிச்சறுக்கு மையங்கள் கயிற்றுப் பாதை, சைக்கிள் தடம் போன்ற கோடை வசதிகளை அமைப்பதற்கு வழி திறந்துவிட்டது. பிரான்ஸின் ஜூரா மலையிலுள்ள மெட்டாபியெஃப், பனிச்சறுக்கை நம்பி இனி வாழ முடியாது என்று கண்டு, அதிலிருந்து படிப்படியாக விலகும் திட்டத்தையே வகுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் செர்மாட், கோடையிலும் பனியாற்றின் மேல் சறுக்கலாம் என்று பெயர் பெற்ற ஊர். 2022 ஜூலையில் வெப்பம் தாங்காமல் அங்கே சறுக்கு விளையாட்டை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. ஆஃப்ரிஸ்கியின் கணக்கு இவற்றையெல்லாம்விடக் கடினமானது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அதன் முதன்மைச் சரிவு, பெரும்பாலும் இயந்திரங்கள் தயாரிக்கும் பனியை நம்பியே இருக்கிறது. அந்தப் பருவமும் மூன்று மாதங்களில் முடிந்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்களில் ஆள் வந்தால்தான் சமையலறையிலும் அறைகளிலும் வேலை செய்யும் உள்ளூர்ப் பாசோத்தோ மக்களுக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் நிலைக்கும். ஆகவே, கோடையில் நாம் அங்கே தங்குவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை மனத்தார உணர்ந்தே எழுதுகிறேன்.

எனினும், விஸ்லரை நினைத்துக்கொண்டு இங்கே போகக் கூடாது. அங்கே நாற்காலி லிஃப்ட் மனிதரையும் சைக்கிளையும் சேர்த்துச் சிகரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. ஆல்ப்ஸ் மலையிலோ கம்பிவண்டியில் ஏறி உட்கார்ந்தால், நடக்க முடியாத பாட்டியும் பனியாற்றைப் பார்த்துவிடலாம். ஆஃப்ரிஸ்கியில் இருப்பது சறுக்குபவரைத் தரையோடு இழுத்துச் செல்லும் கம்பி. பனி இல்லாதபோது, நடக்க முடியாதவரை மேலே ஏற்ற அது உதவாது. இது குறைதான், ஆனால் இதற்கு ஈடாக இங்கே வேறொன்று இருக்கிறது. விடுதியை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையே 3,222 மீட்டர் உயரமுள்ள மஹ்லசேலா கணவாயைக் கடந்து போகிறது. முழங்கால் வலியுள்ள என் மாமியார், ஓர் அடிகூட ஏறாமல், காரிலிருந்து இறங்கி அந்த உயரத்துக் காற்றில் நின்று மலைகளை அலை அலையாகப் பார்த்தார்.

சரிவில் ஏறியவர்கள் நாங்களும் பிள்ளைகளும். குளிர்காலத்தில் வெண்மையாக இருந்த சறுக்குப் பாதையில் குட்டைப் புல் அடர்ந்து, ஈரமான இடங்களில் சிறு பூக்கள் பூத்திருந்தன. இழுவைக் கம்பியின் தூண்களுக்கிடையே செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறக் கம்பளியைத் தோளில் போர்த்தி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த இளம் மேய்ப்பர் ஒருவர், என் மகன் “துமேலா” என்று வணக்கம் சொன்னதும் சிரித்துக் கையசைத்தார். காலையில் வானம் துடைத்து வைத்தது போல் தெளிவாக இருந்தது. நண்பகலுக்குச் சற்று முன், தெற்கே ஒரு முகட்டின் பின்னாலிருந்து வெண்மேகம் கிளம்பியது. அதன் அடிப்பகுதி கறுக்கத் தொடங்கியதுமே அந்த மேய்ப்பர் நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தார். எங்களுக்கு இடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆடுகளோ வரிசை பிடித்துக் கீழே இறங்கிவிட்டன. நாங்களும் அவர் பின்னாலேயே இறங்கி அறைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ஆலங்கட்டி மழை கூரையில் இறைந்தது.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லெசோத்தோவின் ஆண்டு மழையில் மிகப் பெரும் பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் பெய்கிறது. பிற்பகல் இடிமழை இந்தப் பருவத்தின் அன்றாட இயல்பு. ஒதுங்க ஒரு மரமும் இல்லாத அந்தப் புல்வெளியில் நிற்கும் மனிதர்தாம் மின்னலுக்கு உயரமான இலக்கு. விடியற்காலையில் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுங்கை விட்டுக்கொடுக்காமல் கடைப்பிடியுங்கள். கோடைப் பயணியரை வரவேற்கும் எந்த மலை விடுதியும் இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்றும், காலை உணவின்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

உணவைப் பற்றி நம் வீடுகளில்தான் முதல் கேள்வி எழும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் காலமும் இந்தக் கோடையில்தான் வருகிறது. செவ்வாய், வெள்ளிகளில் மரக்கறி மட்டும் உண்பவர்களும் நம்மிடையே மிகுதி. ஆகவே, உணவகத்தை நம்பாமல், சமையலறையுடன் கூடிய மரவீட்டைப் பதிவு செய்வதே நல்லது. அங்கே சமைப்பதிலும் உயரம் குறுக்கிடுகிறது. 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் தளதளவென்று கொதித்தாலும் பருப்பு வேகாது. சோறும் நடுவில் அரிசியாகவே நிற்கும். “குக்கர எடுத்து வச்சியாம்மா?” என்று என் மாமியார் டர்பனிலேயே கேட்டிருந்ததால் எங்கள் பருப்பு பிழைத்தது, பக்கத்து வீட்டில் தங்கியிருந்த, டர்பனை அடுத்த ஃபீனிக்ஸ் ஊர்க் குடும்பம் பானையில் போட்ட உளுந்தை இரவு வரை கிளறிக்கொண்டிருந்தது. பிறகு எங்கள் குக்கரே இரண்டு வீட்டுக்கும் பொதுவாயிற்று. பூத்தா-பூத்தேயில் கடைகள் உண்டு. அதற்கு மேல் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, நாம் கடல் மட்டத்தில் வாழ்பவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காலையில் டர்பனில் புறப்பட்டு அன்று மாலையே 3,000 மீட்டரில் படுத்தால், காற்றழுத்தம் ஊரில் இருப்பதில் ஏறத்தாழ எழுபது விழுக்காடாகக் குறைந்திருக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை மூன்றும் வரக்கூடும். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கிளாரன்ஸில் ஓர் இரவு தங்கிச் செல்வது செலவைக் கூட்டினாலும், அந்தச் செலவு வீண் அன்று. இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரையோடு நிறுத்தாமல் கீழே இறங்கிவிட வேண்டும். காற்று குளிர்ந்திருப்பதால் வெயில் உறைப்பதில்லை, ஆனால் தோல் கருகிவிடும். பிள்ளைகளுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் டர்பன் கடற்கரையைவிட இங்கேதான் அதிகம் தேவை.

ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். பனிச்சறுக்கு மையங்களின் கோடைத் திட்டங்கள் எங்கும் பெரும்பாலும் விளையாட்டு வீரர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆஃப்ரிஸ்கியின் விளம்பரங்களிலும் மலைச் சைக்கிளும் மலையோட்டமும்தான் முன்னே நிற்கின்றன. அவர்களுக்கு இது அருமையான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அறைகளை நிரப்பக்கூடியவை மூன்று தலைமுறையாகச் சேர்ந்து வரும் நம்மைப் போன்ற குடும்பங்கள். தாத்தா பாட்டிகள் உட்காரும் திண்ணைகளோடு கூடிய சமதளமான நடைபாதை ஒன்றும், உள்ளூர் வழிகாட்டியோடு ஒரு மணி நேரம் பூவும் பறவையும் பார்க்கும் நடையும், பாசோத்தோ குதிரைவண்டியோ குதிரைச் சவாரியோ மலை விடுதிகள் தரத் தொடங்கினால், வருமானமும் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பரவும். அந்த நடைபாதை ஈரநிலங்களை விட்டு விலகிச் செல்ல வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். லெசோத்தோ உயர்நிலத்தின் இந்தச் சதுப்புகளில் ஊறும் நீர்தான் ஆறுகளாகி, கட்சே அணை வழியாக ஜோகன்னஸ்பர்க் வரை குடிநீராகச் செல்கிறது. சக்கரத் தடம் பதிந்த சதுப்பு எளிதில் மீளாது.

எப்போது செல்வது என்று கேட்டால், கிறிஸ்துமஸ் நெரிசலைத் தவிர்த்து, பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் முடிவு வரை என்பேன். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் நீண்ட வார இறுதி ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரே இரவு மட்டும் தங்குவதாக இருந்தால் போக வேண்டாம். முதல் நாள் பயணக் களைப்பிலும் உயரத்துக்குப் பழகுவதிலும் கழிந்துவிடும். கோடை என்று நம்பிக் கம்பளி ஆடைகளை வீட்டில் விட்டுவிடாதீர்கள்; பகலில் மெல்லிய சட்டை போதும், இரவில் கணப்பு வேண்டும். பனியைத் தொட்டே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஜூலை வரை காத்திருங்கள். மற்ற எல்லோரையும், டர்பனின் வியர்வையும் புழுக்கமும் உச்சத்தில் இருக்கும் வாரத்தில், ஐயமின்றி அனுப்பிவைப்பேன்.