புளியரை ஏத்தத்துக்கு 34 பல் பிரீவீல்: வாங்கலாமா?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் வரை முதல் தடவை சைக்கிளில் ஏற நினைக்கிறவர்கள் பலரும் புது சைக்கிள் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே 21 கியர் ஹைபிரிட் நின்றால், பின்சக்கரத்தில் உள்ள பிரீவீலை, அதாவது செயின் ஓடும் பல்சக்கர அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். அதற்கென்றே இருப்பது ஷிமானோவின் ஏழு அடுக்கு, 14-34 பல் பிரீவீல் (சின்னதில் 14 பல், பெரியதில் 34). டப்பாவில் எம்எஃப்-டிஇசட் 510 என்று போட்டிருக்கும்.

சைக்கிளோடு வரும் பிரீவீல் பெரும்பாலும் 14-28. பல் வரிசை 14, 16, 18, 20, 22, 24, 28. புதியதில் முதல் ஆறும் அப்படியே இருக்கும், கடைசி மட்டும் 28க்குப் பதில் 34. சமதரையில் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. இந்தப் பொருளின் நல்லது கெட்டது இரண்டும் அந்த ஒரு சக்கரத்தில்தான் இருக்கிறது.

நல்லதை முதலில் பார்ப்போம். முன்னால் மிதியோடு சுற்றும் மூன்று பல்சக்கரங்கள் 48-38-28, டயர் 700x35 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன முன்பல்லில் பழைய பிரீவீலின் கடைசிப் பல்லைப் போட்டால் (28க்கு 28) ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 2.17 மீட்டர் நகரும். 34 பல்லில் 1.79 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்னது மணிக்கு 7.8 கிலோமீட்டர், பின்னது 6.4. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, சரிவு 7 சதவீதம் என்றால் பழைய கியரில் ஏறக்குறைய 140 வாட் கால்கள் கொடுக்க வேண்டும். புதியதில் 116 வாட் போதும். புதிதாக மலை ஏறுகிறவர் 140ஐ ஐந்து நிமிடம் தாங்குவார், பிறகு இறங்கித் தள்ளுவார். 116ஐ அரைமணி நேரம் தாங்கலாம். முழங்கால் பிழைப்பதும் இதனால்தான்: அதே சரிவில் மிதியின் மேல் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைகிறது.

இனி கெட்டது. 24க்கும் 34க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. 28-24இல் (முன்னால் 28, பின்னால் 24) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்துக்கொண்டிருந்தவர் 34க்கு மாற்றினால், அதே வேகத்தில் கால் 85 சுற்று சுற்ற வேண்டும். சட்டென்று மிதி வெறுமையாகிவிடும், ஆள் தடுமாறுவார். பழைய பிரீவீலில் 28க்கு 28 என்று இருந்த நடு கியர் போயேவிட்டது. சின்ன ஏத்தத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் உதவியது அதுதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே அடிக்கும் மேல்காற்று மேற்கே போகிறவருக்கு நேர் முகத்தில் விழும். புளியரை வயல்காட்டு வெட்டவெளியில் அந்த நடு கியர் இல்லாத குறை நன்றாகத் தெரியும். ஓரளவுக்குச் சமாளிக்க முன்னால் 38, பின்னால் 34 போட்டுக்கொள்ளலாம். அது 1.12 விகிதம், 28-24இன் 1.17ஐவிடக் கொஞ்சம் இலகு. ஆனால் அதற்கும் கடைசி 0.82க்கும் இடையே எதுவும் கிடையாது.

எனக்கு இது ஏற்கக்கூடிய விலைதான். வளைவின் நடுவே கால் நின்றுபோவதைவிட, கால் கொஞ்சம் வேகமாகச் சுற்றுவது எவ்வளவோ மேல்.

வாங்கும் முன் உங்கள் சைக்கிளில் இருப்பது மரையில் முறுக்கி ஏற்றும் பிரீவீலா, செருகி மாட்டும் கேசட்டா என்று பாருங்கள். கடைக்காரர்கள் சிலர் இரண்டையும் ஒரே பெயரில் சொல்வார்கள். பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது நடுவில் டூல் மாட்டும் பள்ளம் அசையாமல் நின்றால் பிரீவீல். பள்ளமும் சேர்ந்து சுற்றினால் கேசட், இந்தப் பொருள் அதில் ஏறாது. அடுத்தது பின் டிரெயிலர் (derailleur), அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி. அது 34 பல்லைத் தாங்க வேண்டும். ஷிமானோ டிஒய் 300 என்றால் பிரச்சினை இல்லை: 34 பல் வரை போகும், முன்பின் பல் வித்தியாசங்களின் கூட்டுத்தொகை 43 வரை தாங்கும். முன்னால் 48-28 வித்தியாசம் 20, பின்னால் 34-14 வித்தியாசம் 20, கூட்டினால் 40. 28 பல்லோடு நின்றுவிடும் டிரெயிலரில் இதை மாட்டினால் அதன் மேல் உருளை 34 பல்லில் உரசும்.

கழற்ற 12 வரிப்பள்ளம் உள்ள பிரீவீல் டூலும், அதை அசையாமல் பிடிக்க மேசையில் பொருத்தும் வைஸும் வேண்டும். பல்சக்கரத்தைச் சுற்றாமல் பிடிக்கும் செயின் விப் வேண்டாம், அது கேசட்டுக்குத்தான். மிதிக்க மிதிக்க பிரீவீல் இறுகிக்கொண்டே போகும் அமைப்பு என்பதால் பழையது பாறைபோல் இருக்கும். டூலை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன் மேல் படுக்க வைத்து, கார் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிப்பதுபோல் ரிம்மைத் திருப்புங்கள். டூல் நழுவாமல் இருக்க ஆக்சில் நட்டையோ குயிக் ரிலீசையோ மேலே லேசாக மாட்டி வையுங்கள். முதல் கால் சுற்று விட்டவுடன் அதைத் தளர்த்த மறக்கக்கூடாது. பெரிய ஸ்பேனரில் சுத்தியல் அடிப்பதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், டூலின் பல்லும் பிரீவீலின் பள்ளமும் சேர்ந்து மழுங்கிப்போகும். மழுங்கினால் பிரீவீலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மாட்டுவது எளிது, ஆனால் ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) கெடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஹப் மரை பல சைக்கிள்களில் அலுமினியம். கிரீஸ் தடவி, பிரீவீலை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி, மரை ‘டக்’ என்று அமர்வது கையில் தெரிந்தபின் வலது பக்கம் முறுக்குங்கள். மூன்று சுற்றாவது வெறும் கையால் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி வையுங்கள். கடைசி இறுக்கத்தை உங்கள் கால் பார்த்துக்கொள்ளும்.

செயினில் இரண்டு விஷயம். ஒன்று நீளம்: பெரிய முன்பல், பெரிய பின்பல் இரண்டையும் டிரெயிலரில் நுழைக்காமல் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்ட வேண்டும். 28க்கு வெட்டிய பழைய செயினை அப்படியே போட்டு, யாராவது தெரியாமல் 48-34க்குத் தள்ளினால் செயின் விறைத்து டிரெயிலரையே பிய்த்துவிடும். இரண்டாவது தேய்மானம்: ஒரு அடி ஸ்கேலில் 24 கண்ணி மிகச் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதுப் பல்லில் சமதரையில் ஒழுங்காக ஓடும், ஏத்தத்தில் எழுந்து மிதிக்கும்போது தாவும். கால் நழுவி மிதி முழங்காலில் அடிப்பது அப்படித்தான்.

டிரெயிலரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் பி ஸ்க்ரூவைப் பலர் தொடுவதே இல்லை. செயின் 34 பல்லில் இருக்கும்போது மேல் உருளைக்கும் பல்லுக்கும் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை வலது பக்கம் திருகுங்கள். இடைவெளி குறைந்தால் கடகட சத்தம், கூடினால் கியர் மந்தமாக விழும்.

சாலையில் இதைப் பயன்படுத்தும் முறையும் வேறு. முன்பல்லை 28க்கு இறக்குவதை ஏத்தம் தொடங்கும் முன்பே, சமதரையில் முடித்துவிடுங்கள். பாரத்தோடு இறக்கினால் செயின் உள்பக்கம் விழும். 24இலிருந்து 34க்குப் போகும்போது அரைச் சுற்று மிதியைத் தளர்த்திவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவு உயரத்துக்குச் செயின் ஏற அந்த நேரம் வேண்டும். இந்த ஏத்தத்தில் வரும் எஸ் வளைவில் நாம் இடதுபுறம் போவதால் இடது வளைவுகள் நமக்கு உள்வளைவு, சரிவு அங்கேதான் அதிகம். அதற்குப் பத்து மீட்டர் முன்பே 34இல் இருங்கள். வலது வளைவு சற்று இளைப்பாற விடும். சரிவு குறைவாக இருக்கிறதென்று சாலை நடுவுக்கு மட்டும் போகாதீர்கள், ஜல்லி ஏற்றிய லாரிகள் வளைவில் அகலம் எடுத்துத்தான் திரும்பும். கார்த்திகை, மார்கழியில் ஆரியங்காவு போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும் சேரும். அந்த இரண்டு மாதங்களில் விடிந்தவுடன் ஏறிவிடுவது நல்லது. பிரானூர் பார்டர் புரோட்டாவை இறங்கி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் இந்தப் பிரீவீல் எந்த உதவியும் செய்யாது, பிரேக்தான் பேசும். சாரல் காலத்தில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும், அதனால் வளைவுக்கு வெகு முன்பே அழுத்துங்கள்.

ஒரே முன்பல் உள்ள ஏழு கியர் சைக்கிள்காரர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். முன்னால் 42 என்றால் 34 போட்டாலும் ஒரு சுற்றுக்கு 2.68 மீட்டர், அதே சரிவில் 60 சுற்றுக்கு 170 வாட்டுக்கு மேல் கேட்கும். அவர்கள் முதலில் முன்பல்லைச் சிறிதாக்க வழி இருக்கிறதா என்று பார்க்கட்டும். மற்றவர்கள் மாட்டியபின் முதல் ஐம்பது கிலோமீட்டரில் கேபிள் சற்று இளகும். கியர் தயங்கினால் டிரெயிலர் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் சரியாகிவிடும்.