பெயர் எழுதாத குழாய்கள்: ஓர் அறிவியல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால்

தோல், நாக்கு, கைரேகை என்று ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்கிற பெட்டி இது. ஹட்டனில் கிடைக்கிறது, செய்முறைத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. தரம் 4, 5 பிள்ளைகளுக்குச் சரி. ஐந்து சோதனைகளில் ஒன்றுக்காகவே வாங்கலாம். ஒன்றைக் குப்பையில் போடலாம்.

வாங்க வேண்டியது டிஎன்ஏ சோதனைக்காக. அரைக் கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. அதில் ஒரு மேசைக்கரண்டி அளவை வாயில் எடுத்து, கன்னங்களைப் பல்லால் மெல்ல உரசியபடி ஒரு நிமிடம் கொப்பளித்துக் குழாயில் துப்ப வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு விட்டு, நாலைந்து தரம் சாய்த்தால் போதும். குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். பிறகு குழாயைச் சரித்துப் பிடித்து, அதே அளவு ஸ்பிரிட்டை ஓரமாக வழிய விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் சிலந்தி நூல் போல வெள்ளையாய் டிஎன்ஏ எழும்பும்.

தாள் ‘குளிர்ந்த ஸ்பிரிட்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நுவரெலியாக் குளிர் அதற்குக் காணாது. பிரீசரில் இரண்டு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். 70 சதவீத ஸ்பிரிட்டில் நூல் மெலிதாகத்தான் வரும், 90க்கு மேல் என்றால் நல்லது. பணிஸ் தின்ற வாயோடு செய்தால் துணுக்குகள் மிதக்கும், முதலில் வெறுந்தண்ணீரில் கொப்பளிக்க வையுங்கள். லயத்து அறையில் அடுப்பு எரியும்போது ஸ்பிரிட் போத்தலைத் திறக்கவே கூடாது. இந்த எச்சரிக்கை தாளில் இல்லாதது பெரிய குறை. அந்த நூலில் புரதமும் கலந்திருக்கும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குழாய்களில் பெயர் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, “உன்னுடையது எது?” என்று கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளை, டவுன் பிள்ளை, தமிழ், சிங்களம், முஸ்லிம் யாராலும் காட்ட முடியாது. எந்த இரண்டு மனிதருக்கும் டிஎன்ஏ சுமார் 99.9 சதவீதம் ஒன்று என்று சொல்ல அதுதான் நேரம்.

வர்ணம் கலக்கும் சோதனையும் நன்று. பழுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு சேர்த்துத் தன் தோல் நிறத்தைக் கொண்டுவர வேண்டும். டியூப் லைட்டில் பார்த்தால் பிழைக்கும், ஜன்னலோரம் போங்கள். முன்கையின் உட்புறம், வெளிப்புறம் இரண்டுக்கும் தனித்தனியே கலந்தால் ஒரே பிள்ளைக்கு இரண்டு நிறம் வரும். தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றே, அவை ஆக்கும் அளவும் வகையும்தான் வேறு. ஆனால் பெட்டிக்குள்ளேயே இளஞ்சிவப்பில் ‘தோல் நிறம்’ என்று லேபிள் ஒட்டிய டியூப் ஒன்று! யாருடைய தோல்? லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.

நாக்கில் வைத்துப் பார்க்கும் கசப்புத் தாள் பரவாயில்லை. சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு வெறும் கடதாசி. தீர்ந்தால் பச்சைக் கோவா இலையைக் கடிக்கக் கொடுக்கலாம், வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ரேகைக்குப் பென்சில் கரியும் செலோ டேப்பும் போதும். வருடக்கணக்காய்க் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்து மங்கலாய் விழலாம், அதையும் ஒட்டி வையுங்கள்.

குப்பைக்குப் போக வேண்டியது நாக்குச் சுருட்டும் அட்டை. நாக்கைச் சுருட்ட வருமா என்பதைத் தீர்மானிப்பது ‘ஒற்றை மரபணு’ என்கிறது. 1940இல் அப்படி எழுதினார்கள்; ஒத்த இரட்டையரிலேயே ஒருவர் சுருட்ட, மற்றவருக்கு வராததை 1952இல் காட்டியாயிற்று. அட்டையை நம்பி, “அம்மாவுக்கும் வராது, அப்பாவுக்கும் வராது, எனக்கு மட்டும் வருதே?” என்று ஒரு பிள்ளை வீட்டில் போய்க் கேட்டால் வீண் சந்தேகம்.

குழாய் 12தான். வகுப்புக்கு என்றால் சிறிய கண்ணாடிப் போத்தல்களைச் சேர்த்து வையுங்கள்.